வெள்ளைச் சேலை

கொடுமுடி கோகிலம் என்று தமிழுலகம் கொண்டாடிய கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரை நான் முதன்முதலாகக் கண்டது பேராக் மாநிலத் தோட்டமொன்றின் பந்துத் திடலில், இரு கம்பங்களுக்கிடையே கட்டப்பட்ட வெள்ளைத் துணியில். ஆண்டு 1957. படம் 'ஔவையார்'. எனக்கு வயது ஒன்பது. என் தந்தையார் காய்ச்சலில் மறைந்து ஓராண்டே ஆகியிருந்தது.

பாயை விரித்து முன்வரிசையில் அமர்ந்த பெண்களோடு என் தாயார் அமரவில்லை. கூட்டத்தின் பின்புறம், பால் கொட்டகைச் சுவரோரம், முக்காடிட்டு நின்றுகொண்டே மூன்று மணி நேரமும் பார்த்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. திருமணத்தை விரும்பாத இளம் ஔவை பிள்ளையாரை வேண்டித் தன் இளமையைத் துறந்து மூதாட்டியாகும் காட்சி வந்ததும், பெண்கள் பலர் கைகூப்பினர். நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அவர் கைகூப்பவில்லை. அது மட்டும் நினைவிருக்கிறது.

சுந்தராம்பாளின் வரலாற்றை வாசகர் பலர் அறிவர். 1908ஆம் ஆண்டு காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் வறுமையில் பிறந்தவர். இரயில் வண்டியில் பாடிப் பிழைத்த சிறுமியின் குரல், அவரை நாடகக் கம்பெனிக்குக் கொண்டு சேர்த்தது. இலங்கை மேடைகளிலும் அவர் புகழ் பரவிற்று. கொழும்பில்தான் எஸ். ஜி. கிட்டப்பாவும் அவரும் இணைந்து நடிக்கத் தொடங்கினர். அவர் வள்ளி, கிட்டப்பா வேலன். மேடையில் தொடங்கிய இணை 1927இல் திருமணத்தில் முடிந்தது. கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர் என்பதையும், பிறந்த குழந்தை தங்கவில்லை என்பதையும் நம் மேடைப் பேச்சாளர்கள் விரைவாகத் தாண்டிச் சென்றுவிடுவது வழக்கம். 1933 டிசம்பர் 2ஆம் நாள் கிட்டப்பா காலமானார். அன்று சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து. நகைகளைக் களைந்தார், வெள்ளைச் சேலை உடுத்தினார், எந்த ஆடவனோடும் இணை சேர்ந்து இனி நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார்.

இந்தக் கடைசிப் பகுதிதான் எங்கள் தோட்டத்து மக்களுக்கு மனப்பாடம்.

என் தாயார் நன்றாகப் பாடுவார். மாரியம்மன் கோயில் திருவிழாவில் கும்மிப் பாட்டுக்கு அவர் குரல்தான் முன்செல்லும். தந்தையார் மறைந்தபின் அவரை எவரும் அழைக்கவில்லை. கோயில் காரியத்திற்கு ஆகாது என்றனர். விடியலில் பெரட்டுக்குப் போவார், மரம் வெட்டுவார், பால் சுமப்பார். பிற்பகல் லயத்து வீட்டுக்குத் திரும்பி அடுப்பு மூட்டுவார். பாட்டு மட்டும் நின்றுவிட்டது.

1960இல் பக்கத்துப் பிரிவைச் சேர்ந்த மண்டோர் ஒருவர், மனைவியை இழந்தவர், என் அத்தை வழியாகப் பெண் கேட்டு அனுப்பினார். நல்ல மனிதர், எனக்கு மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். மூன்று இரவுகள் எங்கள் வாசலில் பெரியவர்கள் கூடினர். ஒவ்வொருவர் வாயிலும் சுந்தராம்பாள். "அவ்வளவு பெரிய நடிகை, கையில் அத்தனை பணம், அவளே வெள்ளைச் சேலையோடு இருக்கிறாள். உனக்கென்ன வந்தது?" என்றார் ஒருவர். அம்மா பதில் பேசவில்லை. மூன்றாம் நாள் இரவு, பன்னிரண்டு வயதுச் சிறுவனாகிய நான், பெரியவர்கள் மெச்சும்படி, "நீங்களும் அந்த அம்மா மாதிரியே இருங்கம்மா" என்றேன். சபை என்னைத் தட்டிக்கொடுத்தது. அம்மா என்னை ஒரு முறை பார்த்தார். அதன்பின் அந்தப் பேச்சை அவர் எடுக்கவேயில்லை. மண்டோர் மறு ஆண்டு வேறு தோட்டத்திற்கு மாறிப் போய்விட்டார்.

நான் சொன்னது எவ்வளவு பெரிய பிழை என்பது, பல ஆண்டுகள் கழித்து அந்த நடிகையின் வாழ்வை முறையாகப் படித்தபோதுதான் உறைத்தது. கிட்டப்பாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சேறின. பணிந்து ஒடுங்கிய ஒருத்தியை எதிர்பார்த்து அவற்றைத் திறந்தேன். அங்கே இருந்தவள் உரிமையோடு கோபித்துக்கொள்ளும் பெண், மனக்குறையை மறைக்காதவள். வெள்ளைச் சேலையும் அவரை வீட்டுக்குள் முடக்கவில்லை. 1935இல் 'நந்தனார்' படத்தில் ஆண் வேடம் ஏற்று நடிக்க அவர் பெற்ற ஊதியம் ஒரு இலட்சம் ரூபாய். அந்நாளில் நடிகர் எவரும் கனவிலும் காணாத தொகை. காங்கிரசு மேடைகளில் பாடினார். 1951இல் சென்னை மாநிலச் சட்டமேலவை உறுப்பினரானார். 'பூம்புகார்' (1964) படத்தில் கவுந்தியடிகள், 'திருவிளையாடல்' (1965) படத்தில் மீண்டும் ஔவை. கணவன் என்ற பாத்திரமே தேவைப்படாத வேடங்களாகத் தேர்ந்து, ஆடவருக்கு இணை சேராமலே திரையில் நிமிர்ந்து நின்றார். அறுபது வயதைக் கடந்தபின் 'துணைவன்' (1969) படப் பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது, 1970இல் பத்மஸ்ரீ. அவர் எடுத்த உறுதி அவருடையது. அதை எவரும் வாசலில் கூடி அவர்மேல் சுமத்தியதாக நான் எங்கும் படிக்கவில்லை. குரலை யாரும் அவரிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்ளவுமில்லை.

என் தாயாரிடமிருந்து நாங்கள் வாங்கி வைத்துக்கொண்டோம். நாங்கள் என்று எழுதும்போது அந்த வாசலில் நின்ற சிறுவனையும் சேர்த்தே எழுதுகிறேன்.

1980இல் சுந்தராம்பாள் அம்மையார் மறைந்த செய்தியை நாளேட்டில் படித்தேன். அப்போது தைப்பிங்கில் ஆசிரியராக இருந்தேன். அம்மா என்னோடு வந்துவிட்டிருந்தார். வயது ஐம்பது. சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தவரிடம் செய்தியைச் சொன்னேன். கையை நீரிலிருந்து எடுக்காமலேயே கேட்டார்:

"கடைசி வரைக்கும் பாடிக்கிட்டே இருந்தாங்களா?"

"முதுமையிலும் பாடினாங்கம்மா" என்றேன்.

"அப்படியா" என்றார். களைந்த நீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, மறுபடியும் குழாயைத் திறந்தார். அரிசி ஏற்கெனவே மூன்று முறை களைந்தாயிற்று.