மலையாளின்னா கேரளாவா?

ஹாஸ்டலில் முதல் நாள். ஃபார்மில் 'மலையாளி'ன்னு எழுதினேன். எட்டிப் பார்த்த ரூம்மேட், "சுகந்தன்னே சேட்டா?"ன்னான். ஓணத்துக்கு ஆளாளுக்கு வாழ்த்து! எனக்கு மலையாளத்தில் ஒரு வார்த்தை தெரியாதுங்க. நான் ஏற்காட்டுக்காரன். வீட்டில் பேசுறது தமிழ்தான்.

நீங்களும் குழம்பியிருப்பீங்க. விஷயம் சிம்பிள். மலையை ஆளுகிறவன், மலையாளி. அவ்வளவுதான். காஞ்சிபுரத்தில் இருந்து கிளம்பிய மூணு அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மலைக்குப் போனாங்க, பெரியண்ணன் இந்தச் சேர்வராயன் மலைக்கு வந்தார்னு எங்க பெரியவங்க சொல்லும் கதை. கேரளாக்காரங்க பேரிலும் 'மலை' இருக்கு. ஆனா அவங்க வேற, நாங்க வேற.

1820-களில் சேலம் கலெக்டரா இருந்து இங்கே காபி கொண்டுவந்த காக்பர்ன் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். அவர் பேரில் உள்ள 'பர்ன்' அந்த ஊர்ப் பேச்சில் ஓடை. அவருக்கு ஓடை, எங்களுக்கு மலை!

சிரிச்சுட்டுப் போகலாம்தான். ஆனா ஸ்காலர்ஷிப் கவுன்டரில், "கேரளாக்காரனுக்கு இங்க எப்படிப்பா எஸ்.டி.?"ன்னு கேட்டாங்க. அன்னிக்குச் சிரிப்பு வரலை. பழங்குடிப் பட்டியலில் மலையாளிங்கிற பேரோடு சேலம், தருமபுரின்னு மாவட்டங்களும் இருக்கு. ஈரோடு அதில் இல்லாததால், பர்கூர் மலையில் இருக்கும் எங்க ஜனம் சான்றிதழுக்காகப் பல வருஷம் போராட வேண்டியிருந்தது. ஒரு சொல்லை நம்பித்தான் எங்க படிப்பு.

மே மாசம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வாங்க. யாராச்சும் 'மலையாளி'ன்னு சொன்னா, ஓணம் வாழ்த்து வேண்டாம். "எந்த ஊருண்ணா?"ன்னு கேளுங்க. போதும்!