வெள்ளையாய்த் தெரியும் இடம்

ஜூலை 7, 2025, திங்கள்

முதலாண்டுக்குத் தேர்வு நெருங்குகிறது. செய்முறை வகுப்பில் இனித் திருப்புதல்தான். உமிழ்நீர்ச் சுரப்பிகளில் ஆரம்பித்தேன். பல் மருத்துவம் படிக்க வருகிற பிள்ளைகளுக்குப் பல்மேல் இருக்கும் ஆர்வம் எச்சில்மேல் இருப்பதில்லை. அந்தப் பல்லை நாள் முழுக்கக் காவல் காப்பது எச்சில்தான். வாய் வறண்ட நோயாளி முன்னால் வந்து உட்காரும்வரை அது யாருக்கும் உறைப்பதில்லை. அதற்கு முன்பே உறைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

முதல் ஸ்லைடு பரோடிட். காதுக்கு முன்னால் தாடையை ஒட்டி இருக்கிற பெரிய சுரப்பி. நாற்பது மடங்கு லென்ஸில் ஓர் அசினஸை மட்டும் நிறுத்திப் பார்க்கச் சொன்னேன். வெளிப்பக்கம் அகன்று, உள்பக்கம் குறுகிய செல்கள் வட்டமாகக் கூடி நிற்கும். நடுவில் இருக்கிற துவாரம் மிகச் சிறியது. ஃபோகஸை ஏற்றி இறக்கித் தேட வேண்டும். செல்லின் அடிப்பாகம் அடர் ஊதா. புரதம் தயாரிக்கும் ஆர்.என்.ஏ. அங்கே குவிந்திருப்பதால் ஹிமடாக்சிலினை அது நன்றாக வாங்கிக்கொள்கிறது. துவாரத்தைப் பார்த்த பக்கம் இளஞ்சிவப்புத் துகள்கள். மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் உள்ளிட்ட நொதிகள் அவற்றில்தான் இருக்கின்றன. நியூக்ளியஸ் உருண்டையாக, அடிப்பக்கமாக இருக்கும்.

"மேம், நடுவுல நடுவுல வெள்ளையா ஓட்டையா இருக்கே, ஸ்லைடு கிழிஞ்சிருக்கா?" என்று பின்வரிசைப் பெண் கேட்டாள். கிழியவில்லை, கொழுப்புச் செல்கள். ஸ்லைடு தயாரிக்கையில் சைலீன் கொழுப்பைக் கரைத்துவிடுகிறது, கூடு மட்டும் மிச்சம். வயது ஏற ஏற பரோடிட்டில் இந்த வெள்ளை கூடிக்கொண்டே போகும். அவள் ரெக்கார்டு நோட்டில் அந்த வட்டங்களை ஊதாப் பென்சிலாலும் ரோஸ் பென்சிலாலும் தொடாமல் விட்டாள். அதுதான் சரி.

ஜூலை 8, செவ்வாய்

நாவடிச் சுரப்பி. இங்கே நிலைமை தலைகீழ். பெரும்பாலும் மியூக்கஸ் செல்கள். எச் அண்ட் ஈ சாயத்தில் செல் முழுக்க வெளிறி, நியூக்ளியஸ் தட்டையாகி ஓரத்தில் ஒட்டிக் கிடக்கும். துவாரம் அகலமாக இருக்கும். பிள்ளைகள் இதை "காலிச் செல்" என்று பெயர் வைத்து நினைவு வைத்துக்கொள்கிறார்கள். தேர்வுக்கு உதவும்தான். ஆனால் அந்தப் பெயர் எனக்கு உறுத்துகிறது.

அக்காவிடம் அதே பிளாக்கிலிருந்து அடுத்த வெட்டை எடுத்து பி.ஏ.எஸ். சாயம் போட்டுத் தரச் சொல்லியிருந்தேன். எங்கள் டெக்னீஷியன் அவர்; அவர் கைப்பட்ட ஸ்லைடில் மடிப்போ கீறலோ தேடினாலும் கிடைக்காது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ஒன்றில் வெளிறிக் கிடந்த செல்கள் இன்னொன்றில் அடர்ந்த மெஜந்தாவாக நிறைந்திருந்தன. அத்தனையும் மியூசின். சர்க்கரைச் சங்கிலிகள் அடர்ந்த புரதம் அது; தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கன்னம் பல்லில் உரசிப் புண்ணாகாமல் இருப்பதும், கவளம் வழுக்கிக்கொண்டு இறங்குவதும் அதனால்தான். ஹிமடாக்சிலினும் ஈயோசினும் அதை அதிகம் பற்றுவதில்லை. தயாரிப்பின்போது கொஞ்சம் கரைந்தும் போகிறது. அந்தச் செல்லில் இருப்பதைக் காட்டத் தெரியாதது நம் சாயம். இதை வகுப்பில் குரலை உயர்த்தியே சொன்னேன்.

ஜூலை 9, புதன்

மதியம் ஒரு லிப் பயாப்ஸி வந்தது. ஐம்பது கடந்த அம்மா. கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல், பல வருடமாக. இப்போது வாயும் வறட்சி. ஓ.பி.யில் அவர் சொன்னதைப் பட்டமேற்படிப்பு மாணவி அப்படியே எழுதியிருந்தாள்: "சோறு தொண்டையில இறங்க மாட்டேங்குது, ஒவ்வொரு வாய்க்கும் தண்ணி குடிக்கணும்." பதினைந்து நிமிடம் வாயில் ஊறுவதைக் குப்பியில் துப்பச் சொல்லி அளந்திருக்கிறார்கள். ஒரு மில்லி லிட்டர்கூடத் தேறவில்லை. சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்குச் சுமார் 0.3 மில்லி லிட்டர் ஊறுவதுதான் சராசரி.

பெரிய சுரப்பிகள் மூன்று ஜோடி என்று எல்லோரும் படிக்கிறோம். உதடு, கன்னம், அண்ணம், நாக்கு என்று வாயெங்கும் நூற்றுக்கணக்கில் சிறு சுரப்பிகள் பரவியிருப்பதை மறந்துவிடுகிறோம். கீழுதட்டின் உள்பக்கத்தை உலர்த்தித் துடைத்துவிட்டுச் சற்றுநேரம் பார்த்தால், நீர்ப் பொட்டுகள் ஒவ்வொன்றாக முளைப்பது வெறும் கண்ணுக்கே தெரியும். பெரிய சுரப்பிகளுக்கு வருகிற நோய் சில சமயம் இவற்றிலும் தன் அடையாளத்தை விட்டுவைக்கிறது. அதனால்தான் உதட்டின் உள்பக்கம் சிறிதாகக் கீறி இவற்றை எடுக்கிறோம். பரோடிட்டைத் தொட்டால் முக நரம்புக்கு ஆபத்து.

ஃபார்மலினில் கிடந்த சுரப்பிகள் வெந்த சவ்வரிசி மாதிரி இருந்தன. எண்ணிக்கை போதும்.

ஜூலை 10, வியாழன்

பயாப்ஸி இரவு முழுக்க ஆல்கஹாலிலும் சைலீனிலும் மெழுகிலுமாக இருந்தது. நாளைதான் கட்டிங்.

இன்று கீழ்த்தாடைச் சுரப்பி, கலப்புச் சுரப்பி. தேர்வில் தவறாமல் வருகிற பிறை வடிவம் இதில் தெரியும். மியூக்கஸ் செல்களின் குழாய், அதன் நுனியில் தொப்பி போலக் கவிந்த சீரஸ் செல்கள், பரோடிட்டில் பார்த்த அதே வகை. 1865இல் இத்தாலியரான ஜியனுஸ்ஸி இதை எழுதினார், அவர் பெயரிலேயே நிலைத்துவிட்டது. ஒன்றரை நூற்றாண்டாகப் பாடப்புத்தகங்கள் எல்லாவற்றிலும் அந்தப் படம் இருக்கிறது.

1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலியின் நாவடிச் சுரப்பியை வேறு முறையில் பார்த்தார்கள். ஃபார்மலின் போன்ற வழக்கமான திரவங்களில் ஊறவைக்காமல், திசுவை நொடியில் உறையவைத்தார்கள். பிறையைக் காணோம். சீரஸ் செல்களும் மியூக்கஸ் செல்களும் ஒரே வரிசையில், தோளோடு தோள் நின்று, எல்லாமே துவாரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தன. வழக்கமான முறையில் திசுவை நிலைநிறுத்தும்போது மியூக்கஸ் செல்கள் உப்புகின்றன. உப்பி, பக்கத்துச் சீரஸ் செல்களைப் பின்னுக்குத் தள்ளிவிடுகின்றன. நாம் வரைகிற பிறை அந்தத் தள்ளலின் தடயம்.

இதை முதலாண்டில் சொல்லலாமா என்று துறையில் இரண்டு கருத்து உண்டு. குழப்பாதே, பிறை என்று எழுதினால் மார்க் கிடைக்கும், அது போதும் என்பது ஒன்று. நான் சொல்லிவிடுவேன். ஸ்லைடு என்பது கொன்று, ஊறவைத்து, மெழுகேற்றி, நான்கு மைக்ரான் தடிமனில் சீவி, சாயமேற்றிய திசு. ஒவ்வொரு படியும் அதில் எதையோ மாற்றுகிறது. அதை அறியாமல் மைக்ராஸ்கோப்பைப் பார்க்கிறவருக்கு நோயையும் தயாரிப்புக் கோளாறையும் பிரித்துப் பார்க்க வராது. விடைத்தாளில் பிறையை வரையுங்கள், அது எப்படி உண்டானது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள் என்றேன். "அப்போ நிஜத்துல வாய்க்குள்ள பிறையே இல்லையா மேம்?" என்று ஒரு பையன் கேட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். அந்தக் கேள்விக்காகத்தான் இந்த வேலையில் இருக்கிறேன்.

ஜூலை 11, வெள்ளி

காலையிலேயே அக்கா பிளாக்கை ஐஸில் குளிரவைத்துக் கட்டிங் போட்டுவிட்டார். ரிப்பன் வெதுவெதுப்பான தண்ணீரில் சுருக்கமில்லாமல் விரிந்தது. "டாக்டர், இதுல ரொம்ப நீலமா இருக்கு, பாத்துக்குங்க" என்று ஸ்லைடைக் கையில் கொடுக்கும்போதே சொன்னார். சாயம் போட்ட ஸ்லைடை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

நீலம்தான். எச்சில் நாளங்களைச் சுற்றி லிம்ஃபோசைட்டுகள் மொய்த்துக் கிடந்தன. ஐம்பதும் அதற்கு மேலும் ஓரிடத்தில் கூடினால் அதை ஒரு குவியம் என்று கணக்கிடுகிறோம். நான்கு சதுர மில்லிமீட்டர் சுரப்பியில் எத்தனை குவியம் என்பதுதான் மதிப்பெண். ஒன்றோ அதற்கு மேலோ வந்தால் ஷேக்ரன் நோய்க்கு ஆதாரம். இதில் மொத்தப் பரப்பு 12 சதுர மில்லிமீட்டர், குவியங்கள் 6. ஆக, 2. ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷேக்ரன் 1933இல், கண்ணும் வாயும் சேர்ந்து வறளும் பெண்களைப் பற்றித் தன் ஆய்வேட்டில் எழுதினார். உடல் தன் சுரப்பிகளையே எதிரியாக எண்ணித் தாக்கும் நோய்.

மதிப்பெண்ணோடு நிறுத்த மனம் வரவில்லை. குவியங்களுக்கு நடுவே என்ன மிச்சம் என்று ஒவ்வொரு சுரப்பியாகப் பார்த்தேன். வெளிறிய அசினஸ்கள் கணிசமாக இருந்தன. கொழுப்பா, மியூக்கஸா? இரண்டும் வெள்ளைதானே. நியூக்ளியஸின் இடமும் செல் எல்லையும் மியூக்கஸ் என்றன. உறுதிப்படுத்த பி.ஏ.எஸ். கேட்டிருக்கிறேன்.

ஜூலை 12, சனி

அரைநாள் வகுப்பு. எச்சில் சுரப்பிகளின் வரிநாளங்கள் மட்டும். செல்லின் அடியில் சவ்வு மடிந்து மடிந்து உள்ளே போகும், மடிப்புகளுக்கிடையே மைட்டோகாண்ட்ரியா வரிசை வரிசையாக. அதனால்தான் கோடு கோடாய்த் தெரிகிறது. அத்தனை எரிசக்தியும் உப்பை மீட்கத்தான். அசினஸிலிருந்து வரும் நீரில் சோடியம் ஏறக்குறைய ரத்தத்தின் அளவுக்கே இருக்கும். இந்த நாளம் சோடியத்தையும் குளோரைடையும் திரும்ப எடுத்துக்கொள்கிறது, தண்ணீரைப் பின்தொடர விடுவதில்லை. அதனால் எச்சிலில் உப்பு குறைவு. ரசத்தில் உப்பு ஒரு சிட்டிகை குறைந்தாலும் நாக்கு கண்டுபிடிப்பதற்கு இது ஒரு காரணம்.

ஜூலை 14, திங்கள்

பாக்கு மெல்லும் இருபத்து நான்கு வயதுப் பையனின் கன்னத் திசு. வாய் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. எபிதீலியம் மெலிந்து, கீழே இறங்க வேண்டிய முளைகள் இல்லாமல் நேர்கோடாய் ஓடுகிறது. ஆரோக்கியமான கன்னத்தில் அதற்கடியில் கொலாஜன் நாரும் ரத்தக் குழாயும் இடைவெளிவிட்டு, வெள்ளை தெரியத் தளர்வாக இருக்கும். இங்கே ஒரே சீரான இளஞ்சிவப்பு, செல்லே தெரியாத அளவுக்கு. ரத்தக் குழாய்கள் நசுங்கியிருந்தன. 1952இல் கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் ஷ்வார்ட்ஸ் கண்டு எழுதியதும், அடுத்த ஆண்டு இந்தியாவில் ஜோஷி விவரித்ததும் இதே நோய். பாக்கில் உள்ள அரிகோலின் நார் உற்பத்தியைத் தூண்டுகிறது. புகையிலை கலக்காத பாக்குதானே என்று சொல்கிறவர்களை இந்த ஸ்லைடு முன் உட்கார வைக்க வேண்டும். பாக்கே புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சொல்லி இருபது ஆண்டுக்கு மேலாகிறது.

ஜூலை 15, செவ்வாய்

பி.ஏ.எஸ். வந்தது. வெளிறிய அசினஸ்கள் எல்லாம் மெஜந்தா. செல்கள் உயிர்ப்போடு இருக்கின்றன.

ஓ.பி.யிலிருந்து மருத்துவர் அழைத்தார். அந்த அம்மாவின் கீழ்ப்பற்கள் ஈறு ஓரத்தில் வரிசையாகச் சொத்தை. எச்சிலில் உள்ள பைகார்பனேட் அமிலத்தைத் தணிக்கும். கால்சியமும் பாஸ்பேட்டும் எனாமலுக்குத் திரும்பும். ஊறுவது நின்றால் பி.எச். 5.5க்குக் கீழே போய் அங்கேயே நின்றுவிடும், எனாமல் கரையும். ஃப்ளோரைடு பூச்சு தொடங்கிவிட்டார்கள். பைலோகார்பைன் தரலாமா என்று கேட்டார். அது நரம்பின் கட்டளையைப் போலச் செயல்பட்டுச் சுரப்பியைத் தூண்டும் மருந்து. தூண்டப்படச் செல் இருந்தால்தான் பயன். ஆஸ்துமாவும் சிலவகைக் கண் நீரழுத்தமும் உள்ளவர்களுக்கு ஆகாது, அதை அவர்கள் விசாரித்துக்கொள்வார்கள்.

அறிக்கையில் மதிப்பெண்ணுக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: அசினஸ்கள் பெரும்பகுதி எஞ்சியுள்ளன, நாரும் கொழுப்பும் குறைவு. அந்த வரியைப் போனில் இரண்டு முறை படித்துக் காட்டினேன்.