கவுதாரியின் நிழல்

புதிதாக ஆயில் கலர் பழக வருகிறவர்களிடம் யாகோபோ தெ பார்பரியின் கவுதாரிப் படத்தைப் பிரதி எடுக்கச் சொல்வேன். வெனிஸ்காரர், ஜெர்மானிய அரசவைகளில் வேலை பார்த்தவர், 1504இல் வரைந்தது. மூலம் ம்யூனிக்கில் இருக்கிறது. பலகைச் சுவரில் செத்த கவுதாரியும் ஒரு ஜோடி இரும்புக் கையுறையும் குறுக்குவில் அம்பும் தொங்கும். ஐரோப்பாவின் முதல் ஸ்டில் லைஃப்களில் ஒன்று என்பார்கள். அந்த வழக்கை அறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

வந்தவுடன் எல்லாருக்கும் இறகின் மேல்தான் ஆசை. ரிகர் பிரஷ்ஷை எடுத்து ஒவ்வொரு இறகாகக் கோடு இழுப்பார்கள். கண்ணை ஏமாற்றுவது இறகல்ல, நிழல். ஒரு மாணவர் நிழலுக்கு ஐவரி பிளாக்கை அப்படியே அப்பினார். கவுதாரிக்குப் பின்னால் சுவரில் ஓட்டை விழுந்துவிட்டது. சுரண்டச் சொல்லி, பலகையின் நிறத்திலேயே பர்ன்ட் அம்பர் கலந்து, மெல்லிய கிளேஸாகப் பூச வைத்தேன். பொருள் சுவரைத் தொடும் இடத்தில் நிழலின் விளிம்பு கூர்மையாக நிற்க வேண்டும். விலக விலகக் கரைய வேண்டும். என் வாத்தியார் இதற்கு பிரஷ்ஷே எடுக்க மாட்டார். ஈரம் பாதி இழுத்த பதத்தில் கட்டைவிரலின் சதையால் ஒரே ஒற்று. அந்தப் பதம் எப்போது வரும் என்று கேட்டால், "தொட்டுப் பாரு" என்பார்.

பார்பரி ஏன் மேசையை விட்டுவிட்டுச் சுவருக்குப் போனார்? மேசைமேல் இருக்கும் கிண்ணம், நாம் ஓர் அடி நகர்ந்தாலே கோணம் மாற வேண்டும். படத்தில் அது மாறாது, குட்டு உடைந்துவிடும். சுவரோடு ஒட்டித் தொங்குவதற்கு ஆழம் குறைவு. நகர்ந்தாலும் கண்ணுக்குச் சட்டென்று சந்தேகம் வராது. இன்னொரு குறும்பும் உண்டு. படம் வரைந்திருப்பது லிண்டன் மரப்பலகையில். அதற்கு ரேகை அவ்வளவாகத் தெரியாது. அதை மூடிவிட்டு, மேலே வேறொரு மரத்தையே தீட்டியிருக்கிறார்! அந்த ரேகையை அடக்கி வாசியுங்கள். துருத்தினால் சுவர் முன்னால் வந்து பறவையை விழுங்கிவிடும்.

கீழே மடிப்பு விழுந்த காகிதத் துண்டு ஒன்று. பெயரும் ஆண்டும் அதில்தான். மடிப்பைக் கோடாகப் போடாதீர்கள். ஒரு பக்கத்தின் டோனை அரைப்படி இறக்கினால் போதும், மடிப்பு தானாக வரும். காகிதம் நன்றாகக் காய்ந்த பிறகே எழுத்தைத் தொடுங்கள். அப்போதும் லின்சீட் குறைவாக, இல்லாவிட்டால் எழுத்து பரவிவிடும்.