கேச் வாங்கலையோ கேச்!

ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் எழுதும் நாலு பேர் கூடி, 'எந்தக் கேச்சைப் போடலாம்?' என்று ஆரம்பித்தால் முதலில் வருவது வேகக் கணக்குதான். விநாடிக்கு எத்தனை லட்சம், யார் முந்துகிறார்... இதிலேயே ஒரு ராத்திரி போய்விடும். உரிமத்தை மட்டும் யாரும் படிப்பதில்லை.

கம்ப்யூட்டர் படிக்காத மக்களுக்காக ஒரு வரி: மளிகைக்கடையில் அடிக்கடி கேட்கும் தீப்பெட்டியைக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள் இல்லையா, அதுதான் கேச். குடோன் என்பது டேட்டாபேஸ். ஒவ்வொரு தடவையும் குடோனுக்கு ஓட வேண்டாம்.

2003-ல் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் தன் லைவ்ஜர்னல் தளத்தின் சுமையைக் குறைக்க உருவாக்கியது மெம்கேஷ்டு. இடம் நிரம்பினால் ரொம்ப நேரமாகத் தொடாததைத் தூக்கி எறியும். கரண்ட் போனால் எல்லாம் காலி. அவ்வளவுதான் அதன் அறிவு. 2009-ல் இத்தாலிக்காரர் சால்வதோரே சான்ஃபிலிப்போ வெளியிட்ட ரெடிஸ் பெரிய சாமர்த்தியசாலி. பட்டியல், தரவரிசை எல்லாம் வைத்துக்கொள்ளும், வட்டிலும் எழுதி வைக்கும். ஆளாளுக்கு அதன் பக்கம் சாய்ந்ததில் ஆச்சரியம் இல்லை.

இரண்டுமே பி.எஸ்.டி. உரிமத்தில் வந்தவை. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். வம்பு அங்கேதான்.

2018-ல் ரெடிஸை நடத்தும் நிறுவனம் சில கூடுதல் மாட்யூல்களின் உரிமத்தை மாற்றியது. மையப் பகுதி என்றைக்கும் பி.எஸ்.டி.தான் என்று அப்போது உறுதியும் சொன்னது. 2024 மார்ச்சில் அதுவும் மாறியது. பெரிய கிளவுட் கம்பெனிகள் நம் சரக்கை எடுத்துச் சேவையாக விற்றுச் சம்பாதிக்கின்றன என்பது அவர்கள் வருத்தம். பி.காம். படிக்கிற யாருக்கும் இந்த வருத்தம் புரியும், நியாயமும் உண்டு. ஆனால் வாய்ப்பேச்சு வேறு, பத்திரம் வேறு. அந்த உறுதி பத்திரத்தில் இல்லையே!

தலைவலி வந்தது எதையும் விற்காத சின்ன புராஜெக்டுகளுக்கும்தான். புது உரிமங்கள் ஓப்பன் சோர்ஸ் கணக்கில் சேராதவை. அதில் ஒன்றை ஃபெடோரா லினக்ஸ் 2019-லேயே ஏற்க மறுத்திருந்தது. ஆக, 7.4 பதிப்பிலிருந்து ரெடிஸை நம்பியிருந்தவர்கள் தங்கள் மென்பொருளை எங்கே, எப்படிச் சேர்ப்பது என்று யோசிக்க வேண்டியதாயிற்று.

காப்பாற்றியதும் அதே பி.எஸ்.டி.தான் என்பது வேடிக்கை. பழைய பதிப்புக்குக் கொடுத்த உரிமையைத் திரும்ப வாங்க முடியாது. எட்டே நாளில் லினக்ஸ் ஃபவுண்டேஷன், 7.2.4 பதிப்பிலிருந்து வால்கீ என்ற கிளையை அறிவித்தது. பின்னால் நின்றவர்கள் யார் தெரியுமா? அமேசான், கூகுள், ஆரக்கிள்... சண்டைக்குக் காரணமான கிளவுட் கூட்டமேதான்! 2025 மே மாதம் ரெடிஸ் 8 வந்தபோது ஏ.ஜி.பி.எல். உரிமத்தையும் சேர்த்து, மறுபடி ஓப்பன் சோர்ஸுக்குத் திரும்பினார்கள்.

இந்த முறை பெரிய கைகளுக்கு அக்கறை இருந்தது, தப்பித்தார்கள். ஒரு சின்ன கேச் நூலகத்துக்கு இப்படி ஆனால் யார் வருவார்கள்?

விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கியைப் பாருங்கள். அதில் 'பேக்-ஓ-ஸ்டஃப்' என்று ஒரு இடைத்தட்டு இருக்கிறது. தமிழில் சாமான் பை என்று வைத்துக்கொள்ளுங்களேன். மற்ற நிரல்கள் எல்லாம் இந்தப் பையிடம்தான் கேட்கும். பைக்குப் பின்னால் இருப்பது மெம்கேஷ்டா, ரெடிஸா என்று அவற்றுக்குக் கவலை இல்லை. அமைப்புக் கோப்பில் சில வரிகளை மாற்றினால் ஆள் மாறிவிடும்.

ஆனால் ஒரு நிபந்தனை. கேச்சில் நகல் மட்டுமே இருக்க வேண்டும். வட்டில் எழுதும் வசதி இருக்கிறதே என்று வேறெங்கும் இல்லாத தகவலையும் அதிலேயே போட்டுவிட்டால் அது கேச் இல்லை, பேரேடு. கல்லாப் பக்கத்துத் தீப்பெட்டி தீர்ந்தால் குடோனுக்குப் போகலாம். பேரேடு தொலைந்தால் எங்கே போவது?

தினம் இருநூறு பேர் வரும் தளத்துக்கு ரெடிஸா வால்கீயா என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்களும் உண்டு. அவர்களுக்கு டேட்டாபேஸில் ஒரு இண்டெக்ஸ் சரியாகப் போட்டாலே போதும், கேச்சே வேண்டாம்.