விசையின் கனம்

துப்பாக்கியின் விசை கனமாயிருக்கிறதென்று குறை கூறுவோர் பலர்; அக்கனத்திற்குக் காரணம் யாதென வினவுவோர் சிலர். காரணத்தைத் தேடாது கனத்தை மாத்திரம் குறைக்க முற்படுவது உயிருக்கே உலை வைக்குமாதலின், அன்பர்கள் இதனைச் சற்று ஊன்றி நோக்க வேண்டுகிறோம்.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆலையில் நாம் பிட்டர் வேலை பார்த்தவராவோம். அத்தோட்டத்து லயத்தில் பிறந்து, இன்று பட்டணத்தில் வாழும் நண்பரொருவர், குறி பார்த்துச் சுடும் பயிற்சிக்கென உரிமம் பெற்று நெம்புகோல் துப்பாக்கியொன்று வைத்திருக்கிறார். நெம்புகோலைக் கீழே தள்ளி மேலே இழுத்தால், வெந்த தோட்டா வெளியேறிப் புதியது உட்செல்லும். குதிரையும் பின்வாங்கி நிற்கும். "விசையை இழுக்குந்தோறும் குழல் ஆடுகிறது அண்ணே; குதிரையைப் பிடித்து நிற்கும் பல்லை அரத்தால் கொஞ்சம் தேய்த்துத் தாருங்கள்" என்றார். நாம் மறுத்துவிட்டோம்.

மற்றத் தோட்டாக்களில் தீப்பற்றும் மருந்து அடிப்பாகத்தின் நடுவே தனிச் சிமிழில் இருக்கும். இச்சிறு தோட்டாவிலோ அது விளிம்பின் மடிப்புக்குள் அடங்கியிருக்கிறது. 1860ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஹென்றி துப்பாக்கியின் தோட்டாவும் இவ்வகையினதே. விளிம்பு நசுங்கினாலன்றி வெடி பிறவாது. அதை நசுக்கக் குதிரை வலுவாய் அறைய வேண்டும். வலுவாய் அறைய வலிய வில் வேண்டும். அவ்வில்லின் அழுத்தமே பல்லின் மீது தங்கி, விரலுக்குக் கனமாய்த் தோன்றுகிறது. வில்லைத் தளர்த்தினால் தோட்டா பொய்த்துப் போகும். பல்லைத் தேய்த்தால் விளைவு இதனினும் கொடிது. கடினப்படுத்திய மேற்றோலை அரம் உரித்துவிடின், உள்ளிருக்கும் மென்மையான இரும்பு நாளடைவில் தேயும். நெம்புகோலை மூடும் அதிர்ச்சியிலேயே குதிரை விழுதல் கூடும். அவ்வேளையில் குழலுக்கு முன் நிற்பவர் யாரோ!

சட்டமும் இதில் தெளிவாயிருக்கிறது. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, ஆயுதங்களைப் பழுது பார்க்கும் தொழிலுக்கும் உரிமம் வேண்டும். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் தோட்ட மக்கள் பட்ட துன்பத்தைப் பெரியோர் வாயிலாய்க் கேட்டவர்க்கு, துப்பாக்கி விஷயத்தில் இக்கண்டிப்பு மிகையாய்த் தோன்றாது.

நமது யோசனைப்படி நண்பர் அதனை உரிமம் பெற்ற பணியாளரிடம் கொடுத்தார். தோட்டா இல்லாமையை உறுதி செய்துகொண்டு, அவர் விசையில் வில் தராசை மாட்டி இழுத்துப் பார்த்தார். துப்பாக்கியின் எடையை விட இழுப்பின் எடை மிகுந்திருந்தது. திறந்து பார்த்தால், பழைய எண்ணெய் பிசினாய் இறுகிக் கிடந்தது! கழுவி, புதிதாய் ஒரு சொட்டு எண்ணெய் இட்டதும் கனத்தில் ஒரு பங்கு தீர்ந்தது.

எஞ்சியதைத் தீர்த்தவர் நண்பரின் தாயார். இக்காலம் கத்தரியும் இயந்திரமும் கொழுந்தெடுக்கின்றன; அவரோ கையால் கிள்ளிய தலைமுறையினர். "தோளை ஆட்டிப் பிடுங்காதேப்பா, விரல் மட்டும் வேலை செய்யட்டும்" என்றார். துப்பாக்கியையே தொட்டறியாத அவ்வம்மையார் சொன்னபடி பழகிய பின், குழல் ஆடவில்லை.