விருந்தாளியாய் வந்த குயவர்

வீரமுனைப் பிள்ளையார் கோயிலின் அயலிலும் அடுத்துள்ள சம்மாந்துறையிலும் வயல்வெளிகள் பரந்து கிடக்கின்றன. வயலுள்ள ஊரில் எருமையும், எருமையுள்ள ஊரில் தயிரும், தயிருள்ள ஊரில் மண்சட்டியும் இருப்பது இயல்பே. சுட்ட மண்ணின் நுண்டுளைகள் நீரை உறிஞ்சிக்கொள்வதால் தயிர் கெட்டியாக உறைகின்றது. தமிழர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் அச்சட்டி ஒன்றே. உண்பவர் தயிரைப் புகழ்வர். சட்டியை வனைந்தவர் யாரென எவரும் வினவுவதில்லை.

இவ்வாறு பெயரற்றுப்போன கைவினைஞரின் ஆக்கங்களிலேயே உயரிய அழகு உறைகின்றது என்று வாதிட்டவர் யப்பானிய அறிஞர் சொயெட்சு யனாகி. 1936இல் தோக்கியோவில் நாட்டார் கைவினைக்கென ஓர் அரும்பொருளகத்தை அவர் நிறுவினார். அவருடைய நண்பரே ஷோஜி ஹமாடா (1894 - 1978). 1920இல் பேணாட் லீச்சுடன் இங்கிலாந்து சென்று, சென் ஐவ்சில் மட்பாண்டக் களம் அமைக்கத் துணைநின்ற ஹமாடா, பின்னர் தாயகம் மீண்டு மஷிக்கோ என்னும் குயவர் ஊரில் குடியேறினார். அதன்பின் தாம் வனைந்த கலங்களில் பெயர் பொறிப்பதையும் விட்டுவிட்டார்.

1952 டிசம்பரில் இம்மூவரும் அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்து ஹெலெனா நகருக்குச் சென்றனர். செங்கல் உற்பத்தியாளரான ஆர்ச்சி பிறே, தம் தொழிற்சாலை வளவிலேயே முந்திய ஆண்டு ஒரு மட்பாண்டக் களத்தைத் தொடங்கியிருந்தார். பகலில் செங்கற் பணியும் எஞ்சிய நேரத்தில் கலை முயற்சியுமாக அங்கு வாழ்ந்தவர்கள் பீற்றர் வோல்கோசும் றூடி ஓட்டியோவும். இருவரும் இளைஞர். அவர்களுடைய களத்திலேதான் ஹமாடா வனைந்து காட்டினார்.

மஷிக்கோவில் தடியாற் சுழற்றும் சக்கரத்தின் முன் சப்பணமிட்டு அமர்ந்து வனைவது அவர் வழக்கம். தமிழ்நாட்டுக் குயவரின் திகிரியும் தடியாற் சுழல்வதே. ஹெலெனாவில் மண்ணும் களமும் பிறருடையவை. விரிவுரை ஆற்றும் பணி பெரும்பாலும் லீச்சுக்கும் யனாகிக்கும் உரியதாயிற்று. ஹமாடாவின் கைகளே அவருடைய விளக்கம். பிறர் களத்தில் கற்பிக்க வந்தவன் தன் சூளையின் பெருமையைப் பேசிப் பயனில்லை. கையிற் கிடைத்த மண் எதற்கு இணங்கும், எதற்கு இணங்காது என்பதை அவன் முதலிற் கற்றாக வேண்டும். ஆசிரியன் மாணவனாகும் அந்தக் கணமே பார்ப்பவர்க்குப் பாடம்.

அப்பாடத்தின் விளைவு வியப்புக்குரியது. சில ஆண்டுகளுள் வோல்கோஸ் பயன்படு கலங்களை விட்டு விலகி, கிழித்தும் பிளந்தும் அடுக்கியும் பேருருவான மண் சிற்பங்களைப் படைத்தார். ஹமாடாவின் அடக்கத்துக்கு அவை நேரெதிர். அதனாற் கற்பித்தல் தோற்றதென்று கூறிவிடலாமா? உருவத்தை மட்டும் கற்றவன் உருவத்தையே திருப்பிச் செய்வான். மண்ணுக்கு அஞ்சாமையைக் கற்றவனோ தன் வழியே செல்வான். வோல்கோஸ் பெற்றது பின்னதே எனலாம்.

தமிழ் மரபில் குயவர் சிறுமையுற்றவராக இருந்ததில்லை. கரிகாலனின் வெண்ணிப் போரைப் பாடிய வெண்ணிக் குயத்தியார் சங்கப் புலவர் வரிசையில் இடம்பெற்றவர். கணவனை இழந்த ஒருத்தி, தானும் உடன் அடங்குமாறு தாழியை அகலமாக வனையும்படி குயவனை வேண்டும் பாடல் புறநானூற்றில் உண்டு. அங்கு அவள் அவனைக் 'கோ' என்றே விளிக்கின்றாள். அத்தகைய கைத்திறன் காலப்போக்கில் குலத்தொழிலாய்க் குறுகித் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் சென்றது. அலுமினியமும் பிளாத்திக்கும் வந்து, மகன் வேறு தொழிலை நாடியபோது, கற்க வேறொருவர் அருகில் இருக்கவில்லை. மகன் விலகியதைக் குறைகூற இயலாது. இழிவும் வறுமையும் சேர்ந்த தொழிலை எவர்தாம் விரும்பி ஏற்பர்?

குயவரை விருந்தாளியாய் அழைத்து, ஓவியரும் சிற்பியரும் மாணவரும் சூழ்ந்திருக்க வனையச் செய்யும் களம் ஒன்று தேவை. ஹெலெனாவில் அதற்கு முதலில் வேண்டியிருந்தது ஒரு செங்கற் சூளையின் வளவு மட்டுமே. கீழ்க்கரையில் மண்ணுக்குப் பஞ்சமில்லை, தயிருக்கும் இல்லை. சட்டியைக் கையிலேந்துபவர் அதை வனைந்தவரின் பெயரை ஒருமுறை கேட்பாராயின், அக்களத்துக்கான அடிக்கல் அன்றே இடப்பட்டதாகும்.