டிரான்ஸ்ஃபார்மருக்குச் சுருதி சேர்த்த கிட்டார்

படூரில் எங்கள் தெருமுனையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது. என் முதல் கிட்டாருக்கு அதுதான் சுருதிப்பெட்டி. யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் மின்னியல் படித்த மாணவர் என்று சொன்னால் கொஞ்சம் நம்புவார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் படூரைத் தாண்டிப் போகிறவர்களுக்கு அது ஓர் ஊராகவே கண்ணில் பட்டிருக்காது. மகாபலிபுரத்துக்குப் போகும் பழைய சாலை. இருபுறமும் வயல், சவுக்குத்தோப்பு, பனை, இடையிடையே ஏரிக்கரை. எதிரெதிரே இரண்டு பேருந்துகள் வந்தால் ஒன்று மண்ணில் இறங்கி வழிவிட வேண்டும். கிழக்கே பக்கிங்காம் கால்வாய், அதற்கப்பால் உப்பங்கழி, அதற்கும் அப்பால் கோவளத்துக் கடல். கடல் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் எப்போதும் கூடவே இருக்கும். சித்திரை வெயிலில் மதியம் தாண்டியதும் கிழக்கிலிருந்து காற்று திரும்பும். கொடியில் காயும் துணியைத் தொட்டுப் பார்த்தால் லேசாகப் பிசுபிசுக்கும். அந்தப் பிசுபிசுப்புதான் பின்னாளில் என் கிட்டாரை என்ன பாடு படுத்தியது என்பதைச் சொல்லத்தான் போகிறேன்.

ஊரின் தலையெழுத்தை மாற்றியது கல்லூரி. 1985இல் இந்துஸ்தான் பொறியியல் கல்லூரி படூரில் தொடங்கியபோது, சென்னையைத் தாண்டி இவ்வளவு தூரத்தில் யார் வந்து படிப்பார்கள் என்று ஊர்ப்பெரியவர்கள் கேட்டார்களாம். வந்தார்கள். மதுரை, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தார்கள், கேரளத்திலிருந்து நிறைய வந்தார்கள். விடுதியில் இடம் கிடைக்காதவர்களும் விடுதி பிடிக்காதவர்களும் ஊருக்குள் அறை தேடினார்கள். மாடு கட்டிய கொட்டகைகள் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறைகளாயின. எங்கள் வீட்டிலும் முன்பக்கம் இரண்டு அறைகள் எழும்பின. அம்மா காலையில் இட்லி, ராத்திரியில் சோறு என்று ஆரம்பித்து மெஸ் நடத்தினாள். கணக்கெல்லாம் நீளமான ஒரு நோட்டில். பெயருக்குப் பதில் ஊர் எழுதியிருக்கும்: கோட்டயம், கோவில்பட்டி, திருச்சூர், காரைக்குடி.

அந்த நோட்டில் கோட்டயம் என்று இருந்தவர்தான் கிட்டார் வைத்திருந்தார். சொந்த ஊரில் தேவாலயப் பாடகர் குழுவில் வாசித்தவர். சாயங்காலமானால் மொட்டை மாடியில் கைப்பிடிச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. தண்ணீர்க் குடத்தை மேலே தூக்கிக்கொண்டு போகிற சாக்கில் போய் நிற்பேன். "வா மோனே, இரிக்கு" என்று பக்கத்தில் உட்காரவைத்து என் விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாகக் கம்பி மேல் வைத்தார். முதல் கார்டு ஈ மைனர். இரண்டே விரல். வலது கையால் ஆறு கம்பியையும் தடவிவிட்டபோது வந்த ஓசை வயிற்றில் போய் இடித்தது. கிட்டாரின் உடல் நம் உடலோடு ஒட்டியிருப்பதால் காதுக்கு முன் விலாவுக்குக் கேட்டுவிடும் என்பது அன்று புரிந்தது.

அவர் படிப்பை முடித்து ஊருக்குக் கிளம்பிய நாளில் நோட்டில் முந்நூறு ரூபாய்க்கு மேல் பாக்கி நின்றது. பணத்தை மணியார்டரில் அனுப்புவதாகவும், அதுவரை கிட்டார் இங்கேயே இருக்கட்டும் என்றும் சொன்னார். அம்மா அதை மேலும் கீழும் பார்த்தாள்.

"இத்த வெச்சிகினு நான் இன்னாப்பா பண்றது? இதுல சோறா வேகும்?"

"மோனுக்கு அம்மே. அவன் படிக்கட்டே."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். பிறகு நோட்டை எடுத்து, கோட்டயம் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டாள். பணமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், போய்ச் சேர்ந்ததும் ஒரு கடுதாசி போடு என்றாள். அப்படித்தான் அது எனக்குச் சொந்தமாயிற்று. இட்லிக் கடனுக்கு ஈடாக வந்த கிட்டார்.

அப்போது நம் ஊர்ப் பையன்கள் கைக்கு எட்டிய கிட்டார்கள் பெரும்பாலும் கல்கத்தாவில் செய்தவை. இதுவும் அப்படித்தான். ஒட்டுப்பலகை உடல், பழுப்பும் மஞ்சளும் கலந்த பூச்சு, நெக்கின் பின்புறம் வழவழவென்று வார்னிஷ். ஆறு கம்பிகளுக்கு ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று சுருதி வைக்க வேண்டும். ஒரு கம்பி சரியாக அமைந்துவிட்டால் மற்றவற்றைக் காதாலேயே சேர்த்துவிடலாம். நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட். ஐந்தாம் ஃப்ரெட்டில் அழுத்தினால் அடுத்த கம்பியின் சுரம் வரும். மூன்றாம் கம்பியில் மட்டும் நான்காம் ஃப்ரெட். அந்த முதல் கம்பிக்கு என்ன செய்வது? ஆர்மோனியமோ சுருதிப்பெட்டியோ வீட்டில் கிடையாது. கோட்டயத்து அண்ணன் கிளம்புவதற்கு முன்பே தெருமுனையைக் கைகாட்டிவிட்டுப் போயிருந்தார்.

அவர் சொன்ன கணக்கு இது. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரிந்து சுருங்கும். ஆகவே அதன் ரீங்காரம் நொடிக்கு 100 அதிர்வு. கிட்டாரின் ஆறாம் கம்பியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்தினால் வரும் ஜி சுரம் 98. இரண்டுக்கும் மயிரிழைதான் வித்தியாசம். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் காலத்துத் தென்னக மின்கட்டமைப்பில் சாயங்கால நேரத்தில், எல்லா வீட்டிலும் விளக்கு எரியத் தொடங்கியதும், 50 என்பது 49க்கும் அதற்குக் கீழும் இறங்குவது வாடிக்கை. 49ஐ இரண்டால் பெருக்கினால் 98. சரியான ஜி. மின்வாரியத்தின் தட்டுப்பாடு எங்கள் தெருவுக்குச் சுத்தமான சுருதியாக வந்து சேர்ந்தது. இரவு எல்லோரும் தூங்கிய பிறகு அது மெல்ல மேலேறிவிடும், காலையில் என் கிட்டார் டிரான்ஸ்ஃபார்மரோடு ஒத்துப்போகாது. கரண்ட் போனால் சுருதியும் போய்விடும்.

கம்பிகளின் கதை தனி. எஃகுக் கம்பிக்கு உப்புக்காற்று ஆகாது. புதுக் கம்பி மாட்டிச் சில வாரங்களில் விரலுக்கடியில் சொரசொரப்பு தட்டும், பிறகு கறுக்கும், ஒருநாள் படீரென்று அறும். அறுவது பெரும்பாலும் மெல்லிய முதல் கம்பிதான். புதிது வாங்க மவுண்ட் ரோடுக்குப் போக வேண்டும். 19பி பிடித்துச் சைதாப்பேட்டை, அங்கிருந்து வேறு பேருந்து. 1842இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் கடையின் படியேறும்போது செருப்பைக் கழற்றலாமா என்று கால் தயங்கும். உள்ளே வரிசையாகப் பியானோக்கள், வயலின்கள், கண்ணாடிக்குள் கிளாரினெட்டுகள். நான் வாங்கப்போவது ஒற்றைக் கம்பி. அதைக் காகித உறையில் வட்டமாகச் சுருட்டிப் போட்டுத் தருவார்கள். சட்டைப்பையில் கையை வைத்தபடியே ஊர் திரும்புவேன். காசில்லாத மாதங்களில் கேளம்பாக்கத்துச் சைக்கிள் கடைக்காரர் பழைய பிரேக் ஒயரைப் பிரித்து ஓர் இழை உருவிக் கொடுப்பார். ஓசை மொண்ணையாக இருக்கும், ஆனால் அறவே அறாது.

காற்று இன்னொரு வேலையும் செய்தது. கிட்டார் மரத்துக்குப் பாதிக்குப் பாதி ஈரப்பதம்தான் உகந்தது என்பார்கள், அதாவது 45 முதல் 55 சதவீதம். எங்கள் கரையில் அது 70, 80 என்றுதான் நிற்கும். ஐப்பசி மழையில் மரம் ஈரத்தைக் குடித்து உப்பும். ஆறு எஃகுக் கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ விசையில் இழுத்துக்கொண்டே இருக்கும். கோடையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பசை இளகும். இப்படி மாறிமாறி நடந்ததில், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை தொப்பை போட்டது, கம்பிகள் மேலே எழும்பின. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் வாசிக்கச் சுகம். என்னுடையதில் ஐந்தைத் தாண்டியிருந்தது. எஃப் கார்டுக்கு ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைத்து ஆறு கம்பியையும் ஒருசேர அழுத்த வேண்டும். மணிக்கட்டு வலித்தது, விரல்நுனி காய்த்தது. எல்லாக் கிட்டாரும் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். ஒப்பிட்டுப் பார்க்க ஊரில் வேறு கிட்டார் இல்லை.

வாசித்தது எல்லாம் இளையராஜாதான். வானொலியில் கேட்டு, டேப்பைப் பின்னோக்கி ஓட்டிக் கேட்டு, ஒவ்வொரு சுரமாகப் பொறுக்கினேன். தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்று, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப்பதக்கம் பெற்றவர் அவர். அதனால்தானோ என்னவோ அவர் பாடல்களில் கிட்டார் ஒப்புக்கு நிற்காது, கூடவே பேசும். 'மூடுபனி' படத்தில் பிரதாப் போத்தன் கிட்டாரோடு உட்கார்ந்து பாடுவதைத் திரையில் பார்த்த பிறகு, தாளம் போடும் வலதுகைதான் கடினம் என்று தெரிந்தது. 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா'வில் ஆர். சந்திரசேகர் வாசித்திருக்கும் கிட்டாரை முழுதாக எடுத்துவிட வேண்டும் என்பது பள்ளிக்கூட நாட்களின் ஒரே லட்சியம். பிரேக் ஒயர்க் கம்பியில் அது கைகூடவில்லை. ஆனாலும் அந்த முயற்சியில்தான் வலதுகையின் நான்கு விரலும் தனித்தனியே நடக்கப் பழகின.

ஒரு வருடம் கிறிஸ்துமஸுக்குக் கோவளம் கார்மேல் அன்னை ஆலயத்துப் பாடகர் குழுவில் வாசிக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். கேளம்பாக்கத்தில் திரும்பி, உப்பளங்களுக்கு நடுவே சைக்கிளில் போனேன். முதுகில் கோணியில் சுற்றிய கிட்டார். மார்கழிப் பனி உப்புப் பாத்திகளின் மேல் தாழ்ந்து நின்றது. போய்ச் சேர்ந்து வாசித்ததும் கீபோர்டுக்காரர் நிறுத்தினார்.

"தம்பி, எதுக்கு ட்யூன் பண்ணிருக்க?"

"டிரான்ஸ்ஃபார்மருக்குங்க அண்ணே."

தேவாலயமே சிரித்தது. முந்தின சாயங்காலம் டிரான்ஸ்ஃபார்மர் 49க்கும் கீழே இறங்கியிருந்தது போலும். பிறகு கீபோர்டுக்கு ஒத்துவரும்படி ஆறு கம்பியையும் அவர்களே திருகிக் கொடுத்தார்கள். அன்றுதான் முதல்முறையாகப் பத்துப் பேர் குரலுக்குக் கீழே என் கிட்டார் கேட்டது. ஊருக்குத் திரும்பிய மறுநாள் சாயங்காலமே பழையபடி டிரான்ஸ்ஃபார்மருக்கு இறக்கிவிட்டேன். அதுதான் காதுக்கு வீடு மாதிரி இருந்தது.

இப்போது அந்தச் சாலை ராஜீவ் காந்தி சாலை, பல வழி. சிறுசேரியில் சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா வந்தது. சவுக்குத்தோப்புகள் இருந்த இடங்களில் பல மாடிக் குடியிருப்புகள் வந்தன. காஞ்சிபுரம் மாவட்டத்து ஊர் 2019இல் செங்கல்பட்டு மாவட்டத்து ஊராயிற்று. குறையாகச் சொல்லவில்லை. மெஸ் வருமானம் என்னைப் படிக்கவைத்தது, சாலை வந்ததால் நிலத்துக்கு விலை வந்தது, எங்கள் தலைமுறைக்கு வேலை வந்தது. தெருமுனையில் டிரான்ஸ்ஃபார்மரும் இருக்கிறது, புதிது, பெரிது. மின்கட்டமைப்பு ஒழுங்குபட்டபின் அதிர்வெண் 50ஐ ஒட்டியே நிற்கிறது, ஆகவே சாயங்காலத்திலும் அது ஜிக்குக் கொஞ்சம் மேலேதான் முனகும். அதைக் கேட்க இரவு வெகுநேரம் போக்குவரத்து ஓயக் காத்திருக்க வேண்டும்.

வேலைக்குப் போன வருடங்களில் கிட்டாரைப் பழைய வாயில் சேலையில் சுற்றி, இரண்டு ரசகற்பூர உருண்டை போட்டுப் பரணில் வைத்திருந்தாள் அம்மா. சோறு வேகாத சாமானை அவ்வளவு பத்திரமாக வைத்தவள் அவள்தான். பிறகு நான் நல்ல கிட்டார் ஒன்று வாங்கினேன். மேல்பலகை முழு ஸ்ப்ரூஸ் மரம். அப்படிப்பட்ட மரம் வயதாக ஆக ஓசை திறந்துகொள்ளும் என்று வாசிப்பவர்கள் பலரும் நம்புகிறார்கள். ஒட்டுப்பலகைக்கு அந்தச் சலுகையை யாரும் தருவதில்லை. முதல் கிட்டாரைப் பழுது பார்க்கக் கொடுத்தபோது, நெக்கைக் கழற்றிச் சரிசெய்யும் கூலியில் இதைவிட நல்லதாகப் புதிதே வாங்கலாம் என்றார் கைவினைஞர். அவர் சொன்னது நியாயம். ஓசைக்காகவோ விலைக்காகவோ அதை வைத்திருக்கக் காரணமே இல்லை.

காரணம் இடதுகையில் இருக்கிறது. நல்ல கிட்டாரில் வாசிக்கும்போதும் தேவைக்கு மேல் அழுத்துகிறேன். அழுத்தம் கூடினால் கம்பி இழுபட்டுச் சுரம் ஒரு துளி மேலே போய்விடும். கூட வாசிப்பவர்கள் என் கார்டுகள் எப்போதும் சுருதியில் கொஞ்சம் ஏறிக் கேட்கின்றன என்கிறார்கள். உப்புக்காற்று பலகையை உப்பவைத்தது, பலகை கம்பியை உயர்த்தியது, உயர்ந்த கம்பி என் கையைப் பழக்கியது. முதல் கிட்டார் மேல் இருக்கும் பற்றை மனசின் காரியம் என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது தசையின் காரியம். படூரில் அப்போது அடித்த காற்று இன்னும் என் விரல்களில் வேலை செய்துகொண்டிருக்கிறது.

மகளுக்குப் பன்னிரண்டு வயதாகிறது. கிட்டார் கற்க வேண்டும் என்றபோது, வீட்டில்தான் ஒன்று இருக்கிறதே என்றார்கள் உறவினர்கள். அம்மாவும் அப்படியே சொன்னாள். நான் கொடுக்கவில்லை. கஞ்சத்தனமில்லை. ஐந்து மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும் கம்பியில் அவள் ஏன் விரலைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டும்? நைலான் கம்பி போட்ட சின்னக் கிட்டாரை அவளே தேர்ந்தெடுத்தாள். கைபேசியில் செயலியைத் திறந்து, பச்சை விளக்கு எரியும்வரை திருகுகிறாள். ஐந்தாம் ஃப்ரெட் முறையைச் சொல்லிக்கொடுத்தேன். கற்றுக்கொண்டாள், ஆனால் செயலிதான் வசதி என்கிறாள். சரிதான். அவள் கிட்டாரிலும் ஏதாவது ஒரு கோணல் இருக்கும், அவள் கை அதற்கேற்ப வளைந்துகொள்ளும். அது என்னவென்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் இப்போது தெரியாது. என்றோ ஒருநாள் இதைவிட நல்ல கிட்டார் ஒன்றை அவள் மடியில் வைக்கும்போது தெரிந்துவிடும்.